செருப்புத்திட்டு

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்? போனில் பேசலாமே என்பாய். பேசினால் பத்து "ம்" போடுகிறாய். அதில் எது சாப்பிட்ட "ம்", எது சாப்பிடாத "ம்" என்று கண்டுபிடிக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. கடிதம் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆக வேண்டும். உன் அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டுவிட்டது. மறுபடியும் படகு இஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். வாத்து மாமா எப்போது வருவார் என்று சின்னவள் நச்சரிக்கிறாள். நீ சேற்றில் வாத்து மாதிரி நடப்பாய் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சதுப்பில் பலகை நட்டுவிட்டார்கள். நானூறு வீடுகள், ஒரு படகுத்துறை, நடைபாதை என்று பெரிய படம். படத்தில் தண்ணீர் நீலமாக இருக்கிறது, சேறு மட்டும் எங்கேயும் இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து குழு அமைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்து டீச்சர் தலைவி. சிறு வயதில் உன்னைத் துரத்துவாரே, அந்த நண்டுக்காரரும் இருக்கிறார். என் கையெழுத்து புரிகிறது என்பதால் எழுத்து வேலை என் தலையில்.

அலுவலகத்தில் சொன்னது இதுதான். தண்ணீர் வந்து நிற்கிற நிலம் என்றால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. காய்ந்த நிலம் என்றால் கட்டிக்கொள்ளலாம். எது என்று யாராவது ஒரு கம்பெனி அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்குமாம். அப்பாவுக்குப் பிறகு பதினாறு வருஷமாக மதகைத் தினம் இரண்டு வேளை தூக்கி இறக்கிக் கடல் தண்ணீரை உள்ளே விடுகிறவள் நான். என்னைக் கேட்டால் போதாதா? கேட்க மாட்டார்களாம்.

நீ வரைபடம் போடுகிறவன். நாங்கள் எங்கே ஏமாந்துபோவோம் என்று எழுது. "வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியில ஏன் தேடணும்"னு டீச்சரே சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை எதிர்பார்த்து,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் வேலை தலைக்கு மேல். புது மேனேஜர் வந்திருக்கிறார், நாற்காலியில் சாய்ந்தாலே முறைக்கிறார். மாடி அறையின் ஜன்னல் கொக்கி இன்னும் உடைந்தேதான் கிடக்கிறது. காற்றடித்தால் படார் படார் என்கிறது. அத்தான் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரி செய்திருப்பார்.

நீ கேட்டதற்குப் பதில்: எல்லாமே எப்போது அளக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அளக்கச் சொல்லி மனு கொடுங்கள். இப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உன் கடிதம் படித்ததில் இருந்து ஊர் ஞாபகமாகவே இருக்கிறது. மதகுப் பலகை மாற்ற வருஷத்துக்கு ஒரு தடவை மூடுவாயே, சேறு காய்ந்து நடந்தே போகலாமே, இந்த வருஷம் எந்தத் தேதி? ஒரு தடவை செருப்புத்திட்டு வரை நடந்து பார்க்க ஆசை.

சின்னவளுக்கு முத்தம்.
உன் வாத்து

பிப்ரவரி 8

அன்புள்ள வாத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ வருகிறாய் என்றதும் சின்னவள் நாள்காட்டியில் வட்டம் போட வந்துவிட்டாள். இந்த வருஷம் மார்ச் 4 முதல் 14 வரை மதகு மூடியிருக்கும். அந்தப் பதினொரு நாளும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஐந்தாம் நாளே சேறு வெடிக்கத் தொடங்கிவிடும். பத்தாம் நாள் வண்டியே ஓட்டலாம். பதினைந்தாம் தேதி காலை மதகைத் தூக்கினால் மத்தியானத்துக்குள் திட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர்.

செருப்புத்திட்டு என்று நீ எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். புதுச் செருப்பின் ஒற்றையை அந்தச் சேற்றில் விட்டுவிட்டு, "அக்கா, அது உள்ளே போய்த் தூங்குது"னு அழுதாயே. அப்பாவிடம் அடி வாங்காமல் இருக்க நான் என் செருப்பில் ஒன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து அடி விழுந்தது. அன்று நாம் வைத்த பெயர். ஊரில் எல்லாருக்கும் அது வெறும் மேடுதான். உன் அத்தானுக்கே நான் சொன்னதில்லை.

மழைக்காலத்து மனு கொடுத்துவிட்டோம். நல்ல யோசனை என்று டீச்சர் உன்னைப் பாராட்டினார்.

வந்து சேர்.
அக்கா

பிப்ரவரி 26

அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன். லீவு கிடைத்துவிட்டது, ஆனால் 15, 16 இரண்டு நாள்தான். அதற்குள் நீ தண்ணீர் விட்டுவிடுவாய். எனக்காக இரண்டு நாள் கூடுதலாக மூடி வைக்க முடியுமா? யாரிடமும் எனக்காக என்று சொல்லிவிடாதே, கேலி செய்வார்கள். வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள். நீ முடியாது என்று சொல்ல மாட்டாய் என்று தெரியும்.

வாத்து

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இதை முதலில் சொல்லிவிடு, மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பதினைந்தாம் தேதி பகல் பேருந்துக்குச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலப் பேருந்துக்கும் நின்றேன். மறுநாளும் நின்றோம். சமைத்தது எல்லாவற்றையும் உன் அத்தான்தான் இரண்டு நாளும் தின்று தீர்த்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

கோபத்தை எழுதித் தீர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ சொன்னபடி இரண்டு நாள் கூடுதலாக மூடித்தான் வைத்தேன். புதுப் பலகைக்குப் போல்ட் வரவில்லை என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். போல்ட் என் சமையலறை அலமாரியில் இருந்தது. பள்ளங்களில் மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரும் அந்த இரண்டு நாளில் வற்றி, மீன் குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. நண்டுக்காரர் குட்டி நண்டு விட்டிருந்த குழியும் காய்ந்து போயிற்று. "போல்ட்டுக்கு ஆளு அனுப்பியிருந்தா நானே போய் வாங்கியாந்திருப்பேனேம்மா"னு சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்று. அதே பதினைந்தாம் தேதி யாரோ நாலு பேர் முக்காலி வைத்த கருவியோடு சதுப்புக்குள் நடந்து அளந்திருக்கிறார்கள். எங்களுக்குத் தகவல் வந்து நாங்கள் ஓடுவதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். நீ வந்திருந்தால் நேராகப் போய் என்ன ஏது என்று கேட்டிருப்பாய். எங்கள் நேரம்.

உடனே எழுது.
அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது நலம். அந்த இரண்டு நாளும் கடுங்காய்ச்சல், போன்கூட எடுக்க முடியவில்லை. உன்னை நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு வேலையில் உயர்வு கிடைத்திருக்கிறது. இப்போது ஜன்னல் ஓரத்தில் தனி மேஜை, எனக்குக் கீழே இரண்டு பேர். சின்னவளுக்கு ஒரு குடை அனுப்பியிருக்கிறேன், பூப்போட்டது. அத்தானுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள பெல்ட். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

வெயிலில் மதகு மேல் நிற்காதே. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.
தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். வெயில் அடிக்காத நாளிலும் குடையை விரித்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குள் நடக்கிறாள். உயர்வு கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். நான் சொல்லிவிட்டேன்.

அளந்த அறிக்கையை மே 17 அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து எல்லார் முன்னாலும் காட்டப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தக் கோடுகள் ஒன்றும் புரியாது, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். நீ பக்கத்தில் இருந்தால் போதும், வாய் திறக்கக்கூட வேண்டாம். எனக்கு அடுத்த நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதுதான் வேண்டும்.

அக்கா

மே 19

தம்பிக்கு,

நாங்கள் நலம்.

பதினேழாம் தேதி நாற்காலியில் என் பையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரில் வெள்ளைத் துணி கட்டி வரைபடத்தைக் காட்டினார்கள். நம் சதுப்பு முழுக்க மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் காய்ந்த நிலமாம். மதகு இருக்கிற இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆண்டு முழுவதும் உலர்ந்தே காணப்படுகிறது என்று எழுதியிருப்பதை அதிகாரி வாசித்தார். மண்டபத்தில் ஒரே சத்தம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மஞ்சளுக்கு நடுவே சின்ன எழுத்தில் ஒரு பெயர் போட்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்புத்திட்டு.

பக்கத்தில் இருந்த டீச்சர், "இது என்ன பேரு, நான் கேள்விப்பட்டதே இல்லையே"ன்னார். பின்னால் இருந்து யாரோ, "சினிமாக்காரன் வச்ச பேரு போல"ன்னு சிரித்தார்கள். உலகத்திலேயே அந்தப் பெயர் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நண்டுக்காரர் எழுந்து, அன்றைக்கு வந்தவர்களைத் தான் பார்த்ததாகச் சொன்னார். "ஒரு பையன் துண்டால மூஞ்சிய மூடியிருந்தான். தண்ணி கேட்டான், குடுத்தேன். எந்த இடத்துல கால் வைக்கணும்னு நான் சொல்லாமலே தெரிஞ்சிருந்துச்சு. லேசா வாத்து மாதிரி நடந்தான்"னார். அவர் பாவம், உண்மையைச் சொன்னார். உடனே எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தவன்தான் தேதியும் கொடுத்திருப்பான் என்று. முப்பது வருஷமாக அந்தச் சேற்றில் கிடக்கிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவேன் என்று தெரியவில்லை.

நீ வந்திருக்கிறாய். நான் பேருந்து நிறுத்தத்தில் சின்னவளோடு நின்றுகொண்டிருந்தபோது, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்று அளந்திருக்கிறாய். வீட்டில் உனக்கு இலை போட்டு வைத்திருந்தேனடா.

மறு விசாரணை ஜூன் 14. நீ ஒரே ஒரு தாளில், மதகு மூடியிருந்தபோது அளந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கிறேன், அதுவரை.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஏழு தடவை கிழித்துப் போட்டேன்.

நம் சதுப்பை அளக்கிற கோப்பு டிசம்பரிலேயே என் மேஜைக்கு வந்துவிட்டது. உன் முதல் கடிதத்தை அதன் மேல் வைத்துத்தான் பிரித்தேன். இந்த இடம் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று மேனேஜரிடம் நானே வாய் கொடுத்துவிட்டேன். பிறகு பின்வாங்க முடியவில்லை. அளக்கிற கருவி பதினைந்தாம் தேதிக்குத்தான் கிடைத்தது, அதனால்தான் உன்னிடம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டேன். நான் இல்லாவிட்டால் வேறொருவன் அளந்திருப்பான். அவனுக்கும் எப்போது அளப்பது என்று தெரிந்திருக்கும். பெயரை வேண்டுமென்று போடவில்லை. கை தன்பாட்டில் எழுதிவிட்டது, நானே பிறகுதான் கவனித்தேன்.

கரை மேல் நின்று நம் வீட்டைப் பார்த்தேன். கொடியில் சின்னவளின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பில் அவசரப்படுத்தினார்கள்.

நீ கேட்கிற தாளை எழுதிக் கொடுத்தால் என் உரிமம் போய்விடும், இந்தத் தொழிலில் யாரும் சேர்க்க மாட்டார்கள். என் கடிதங்களை யாருக்கும் காட்டிவிடாதே. இன்னொன்றும் யோசித்துப் பார். மதகை மூடியது நீ. இரண்டு நாள் கூட்டி மூடியதும் நீ. போல்ட் வரவில்லை என்று சொன்னதும் நீ. இதெல்லாம் வெளியே வந்தால் உன் பெயரும் சேர்ந்துதானே கெடும்? உன் நல்லதற்குத்தான் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டால் இது அப்படியே அடங்கிவிடும். நமக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் உன் அத்தானிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "உன் இஷ்டம். எதுவா இருந்தாலும் நான் கூட வர்றேன்"னு சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு போடவில்லை.

விசாரணையில் எழுந்து நின்றேன். முதலில் என் பொய்யைச் சொன்னேன். அலமாரியில் இருந்த அந்தப் போல்ட் டப்பாவை மேஜை மேல் வைத்தேன். பிறகு உன் ஜனவரிக் கடிதத்தை வாசித்தேன், அதற்கு நான் எழுதிய பதிலை மனப்பாடமாகச் சொன்னேன், அப்புறம் உன் பிப்ரவரிக் கடிதத்தை வாசித்தேன். செருப்புக் கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நண்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதமாக அவரிடம் யாரும் நண்டு வாங்கவில்லை, பேசவும் இல்லை, எனக்குத் தெரிந்தும் நான் வாய் மூடிக் கிடந்தேன். அவர், "நம்ம பையன்னு தெரிஞ்சிருந்தா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் போன்னு சொல்லியிருப்பேனேம்மா"னு மட்டும் சொன்னார்.

ஜூன் கடிதத்தை வாசிக்கவில்லை. என்னையே நீ மிரட்டியது அதில் இருக்கிறது. அதை ஊர் கேட்க வேண்டாம் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அளவுக்கு நான் இன்னும் உன் அக்காதான்.

அந்த அறிக்கை செல்லாது, மழைக்காலத்தில் மதகைத் திறந்து வைத்து வேறு ஆள் அளக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். என் பக்கம் யாரும் வரவில்லை. அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "தப்பா எடுத்துக்காதீங்க, குழுவுல முடிவு பண்ணியிருக்கோம்"னு மதகுச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். உனக்கு எதுவும் ஆடவில்லையே, தம்பி.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

நலமா? அத்தான், சின்னவள் நலமா? மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், உரிமமும் போயிற்று. ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை.

இங்கே நல்ல மழை. அங்கேயும் பெய்திருக்குமே. தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது? திட்டு முங்கிவிட்டதா? சின்ன வயதில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது மழைக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய மாதிரி எல்லாவற்றையும் எழுது. உன் கடிதம் வராமல் இருக்க முடியவில்லை, அக்கா.

வாத்து

அக்டோபர் 27

தம்பிக்கு,

அனைவரும் நலம். உன் அத்தானுக்கு இடுப்பு பரவாயில்லை. சின்னவளுக்கு மழைக்கு வேறு குடை வாங்கியாயிற்று. பூப்போட்டதைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் வாங்கிக்கொள். நான் இப்போது மீன் இறங்குகிற ஐஸ் கொட்டகையில் பெட்டி எண்ணுகிறேன்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மதகுச் சாவி நண்டுக்காரரிடம் இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவருக்கு எழுதிக் கேள். அவர் சொல்வார்.

புதிதாக அளக்க ஒரு பெண் வந்தாள். வேட்டியை மடித்துக் கட்டின ஆண்களுக்கு நடுவே இடுப்பளவு இறங்கி மூன்று நாள் அளந்தாள். கடைசி நாள் ஐஸ் கொட்டகைக்கு வந்து, நடுவில் ஒரு மேடு இருக்கிறதே, முன்பு ஏதோ பெயர் போட்டிருந்தார்களாமே, அதன் பெயர் என்ன, நீங்கள்தான் சரியாகச் சொல்வீர்கள் என்று ஊரில் சொன்னார்களே என்று கேட்டாள்.

அதற்குப் பெயர் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா